1/48 கோர்சேர் கட்டும்போது வர்ற கோளாறுகள்: என்ன தெரியுது, எங்க தேடணும், எப்படி சரி பண்றது

கோர்சேர்ங்கறது ரெண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க போர் விமானம், அதோட பிளாஸ்டிக் மாடல் கிட் பத்திதான் இது. இதுவரைக்கும் ஆறு கோர்சேர் கட்டியிருக்கேன், நாலு 1/48 (நிஜ அளவுல 48-ல ஒரு பங்கு), ரெண்டு 1/72. வேற வேற கம்பெனி கிட், ஆனா கோளாறு மட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஒரே இடத்துல வருது. மூணாவது கட்டும்போதுதான் புரிஞ்சுது, தப்பு கண்ணுக்கு தெரியற இடம் ஒண்ணு, அது ஆரம்பிச்ச இடம் அதுக்கு ஒரு ஸ்டெப் முன்னாடி. டீகால்ல (தண்ணில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர்) தெரியற வெள்ளி மினுக்கு, பெயிண்ட் சொரசொரப்பா இருந்ததால வந்தது, பெயிண்ட் உரியுதுன்னா பிளாஸ்டிக்க கழுவாம விட்டதால. அதனால கீழ ஒவ்வொண்ணுலயும் செலவில்லாத செக் முதல்ல, காசு செலவாகறது கடைசில.

விங் ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தொங்குது

கோர்சேர்னாலே அந்த வளைஞ்ச விங்தான். பெரிய ப்ராப்பெல்லர், குறுக்களவு சுமார் 4 மீட்டர், அது தரையில இடிக்கக்கூடாது, அதே சமயம் வீல் கால் நீளமாவும் ஆகக்கூடாது, அதனால விங்க கீழ இறக்கி மறுபடி மேல தூக்கினாங்க. நிஜ ப்ளேனுக்கு நல்ல தீர்வு, நமக்கு இதுல ஒரு டிகிரி மாறினாலும் முன்னாடியிருந்து பாக்கறப்போ பளிச்சுனு தெரியும்.

இன்னும் ஒட்டலன்னா: டேப் போட்டு மட்டும் சேர்த்து வைங்க. கண்ணாடியோ கிரானைட் கல்லோ, நிஜமாவே சமமா இருக்கற ஒரு இடத்துல பாடிய நேரா நிறுத்தி, ரெண்டு விங் நுனியும் தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர்னு ஸ்டீல் ஸ்கேல் வச்சு அளங்க. அரை மில்லி வித்தியாசம் பரவால்ல. அதுக்கு மேலன்னா காரணம் பெரும்பாலும் பிசிறுதான், ஸ்ப்ரூலேர்ந்து (பார்ட் எல்லாம் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம்) வெட்டின இடத்துல மிச்சம் நிக்கற சின்ன முளை ஜாயிண்ட்ட ஒரு பக்கம் தூக்கி விடும். விரல் நகத்தால தடவிப் பாத்தா மாட்டும், பிளேடால சீவி விட்டுட்டு திரும்ப அளங்க. முக்கால்வாசி கேஸ் இதுலயே முடிஞ்சுடும்.

பிசிறு இல்லன்னா பார்ட்டே வளைஞ்சிருக்கலாம். கண்ணாடி மேல படுக்க வச்சா ஆடும். கை பொறுக்காத சூட்டுல தண்ணி எடுத்து (கொதிக்கற தண்ணி வேண்டாம், மேல கீறின மாதிரி இருக்கற பேனல் லைன் எல்லாம் குழைஞ்சுடும்) ஒரு இருபது முப்பது செகண்ட் முக்கி, மெதுவா எதிர்ப்பக்கம் வளைச்சு புடிச்சுகிட்டே பச்சத்தண்ணில காட்டுங்க. ஒரே தடவைல சரி பண்ண பாக்காதீங்க, ரெண்டு மூணு தடவையா போங்க.

விங் மடிக்கவும் விரிக்கவும் ரெண்டுக்கும் வசதி குடுக்கற கிட்டுல மடிப்பு இடத்துல தனி ஜாயிண்ட் வரும், விரிச்சு கட்டறவங்களுக்கு அதுதான் தலைவலி. உள் விங்க முதல்ல பாடில ஒட்டி, அப்புறம் வெளி விங்க ஒட்டினா கோணம் உங்க கையில இல்ல. நான் பண்றது, வெளி விங்கோட மேல் பாதிய உள் விங்கோட மேல் பாதியில முதல்ல சேர்த்து, மேல் பக்கம் ஜாயிண்ட் சமமா வந்துடுச்சான்னு விரலால பாத்து ஒட்டி காய விட்டுட்டு, அப்புறம்தான் கீழ் பாதி. கீழ கொஞ்சம் கேப் வந்தாலும் பட்டி வச்சுக்கலாம், மேல வந்தா எல்லாரும் பாப்பாங்க.

ஒட்டிட்டீங்கன்னா: சிமெண்ட் (பிளாஸ்டிக்க கரைச்சு ஒட்டற மாடல் பசை) போட்டு ஒரு நாளைக்குள்ளன்னா ஜாயிண்ட்ல மெல்லிசான சிமெண்ட்ட மறுபடி ஓட விட்டா இளகும், அஞ்சு நிமிஷம் விட்டு கோணத்த மாத்தி டேப் போட்டு கட்டி வைங்க. ஒரு வாரம் ஆயிடுச்சுன்னா ரேசர் ரம்பத்தால ஜாயிண்ட்லயே அறுக்கணும். அது பயமா இருந்தா, ஊர்ல இருக்கற மாடலிங் ஆளுங்கள்ல ஸ்க்ராட்ச் பில்ட் (கிட் இல்லாம கையாலயே பார்ட் செய்யறது) பண்ண பழக்கமுள்ளவர்கிட்ட குடுங்க, இது பாத்து கத்துக்க வேண்டிய வேலை. பார்ட்டே டப்பாவுலேர்ந்து முறுக்கிக்கிட்டு வந்திருந்தா வெட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வாங்கின கடைக்கு அனுப்புங்க, ஸ்ப்ரூல இருந்து வெட்டின பார்ட்ட மாத்தி தரமாட்டாங்க.

விங் ரூட்ல கேப்

பாடியும் விங்கும் சேர்ற இடத்துல நூல் போற அளவு கேப் தெரிஞ்சா உடனே பட்டி டப்பாவ திறக்காதீங்க. முதல்ல காக்பிட் டப்பா பாடிய உள்ளேர்ந்து தள்ளுதா, இல்ல பாடி உள்பக்கமா சுருங்கி நிக்குதான்னு பாருங்க. பாடி குறுகியிருந்தா, ஸ்ப்ரூ குச்சிய தேவையான நீளத்துக்கு வெட்டி உள்ள குறுக்க முட்டுக்கட்டையா வச்சு ஒட்டினா பாடி விரிஞ்சு விங்கோட போய் ஒட்டிக்கும், பைசா செலவில்ல. விங் ரூட் முன் விளிம்புல காத்து உள்ள போற திறப்பு இருக்கு பாருங்க, ஆயில் கூலருக்கும் சூப்பர்சார்ஜருக்கும், அந்த கிரில் பார்ட் சரியா உக்காரலன்னாலும் மேல் விங் தூக்கிக்கும், அதையும் கழட்டி பாத்துடுங்க.

அப்படியும் மிச்சம் இருக்கற கேப்புக்கு மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட் துண்டு சொருகி சிமெண்ட் விடுங்க. பட்டி கடைசி. ரூட்ல பட்டி வச்சா தேய்க்க இடமே கிடைக்காது, பக்கத்துல இருக்கற டீட்டெயில் எல்லாம் போயிடும். தண்ணில கரையற பட்டின்னா ஈரத்துணியால துடைச்சே லெவல் பண்ணிடலாம், உப்புத்தாளே வேண்டாம்.

விங் நுனி போட்டோவோட ஒத்து வரல

இது கட்டினதுல வந்த தப்பு இல்ல, எந்த ப்ளேன் கட்டறீங்கன்னு பாக்காததால வர்றது. பிரிட்டிஷ் கேரியரோட (விமானம் தாங்கிக் கப்பல்) ஹேங்கர், அதாவது ப்ளேன் நிறுத்தற கூடம், உயரம் கம்மி, மடிச்ச விங் கூரையில இடிக்கும், அதனால அவங்க கோர்சேருக்கு ஒவ்வொரு விங் நுனியிலயும் 8 இன்ச் வெட்டிட்டாங்க. 1/48-ல அது 4.2 மில்லி, 1/72-ல 2.8 மில்லி. நம்ம பக்கத்துல பறந்தது இந்த வெட்டின நுனிதான். 1944 ஏப்ரல் 19 சபாங் (சுமத்ரா பக்கத்துல ஜப்பான் கையில இருந்த துறைமுகம்) மேல நடந்த தாக்குதலுக்கு திருகோணமலையிலேர்ந்து கிளம்பின இல்லஸ்ட்ரியஸ் கப்பல்ல இருந்தது இந்த கோர்சேர்தான். புத்தளம் கடற்படை விமானத்தளத்துல சேத்துல மாட்டின கோர்சேர யானை இழுக்கற போட்டோ பாத்திருப்பீங்க, அதுவும் இதே ரகம். நான் கட்டின ஆறுல மூணு இந்த ப்ளேன்தான், எனக்கு ரொம்ப பிடிச்சது.

கிட்டுல தனி நுனி குடுத்திருக்காங்களான்னு ஸ்ப்ரூல தேடுங்க. இல்லன்னா ரெண்டு விங்லயும் ஒரே டேப்ப ஒட்டி கோடு போட்டு ரம்பத்தால வெட்டி, முனைய லேசா உருட்டி தேயுங்க. பெயிண்ட் அடிச்சப்புறம் இத கண்டுபிடிச்சா திரும்ப பெயிண்ட் அடிக்கணும், அதனால பாடி ஒட்டறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

கௌலிங் (இஞ்சின் மேல் மூடி) மூடல, இஞ்சின் உள்ள போகல

18 சிலிண்டர், ரெண்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது. பெயிண்ட் அடிச்ச ஒவ்வொரு சிலிண்டர் தலையும் கொஞ்சம் பெருசாயிருக்கும், பெரும்பாலும் அதுதான் காரணம். சிலிண்டர் நுனியிலயும் கௌலிங் உள்பக்கத்துலயும் ஒட்டற இடத்துல பெயிண்ட்ட சுரண்டி எடுங்க. அமுக்கி திணிக்காதீங்க, கௌலிங் கிழியும்.

பெயிண்ட் அடிச்சப்புறம் முதுகுல கோடு தெரியுது

ஒட்டி, தேய்ச்சு, ப்ரைமர் போட்டு, சுத்தமா இருக்குன்னு நினைச்சு கலர் அடிச்சா ரெண்டு வாரம் கழிச்சு முதுகு நெடுக ஒரு பள்ளம் கோடு வரும். நிறைய பேர் கேக்கற கேள்வி இது. சிமெண்ட் பிளாஸ்டிக்க கரைச்சுதான் ஒட்டுது, உள்ள கரைஞ்சது முழுசா காயறதுக்கு முன்னாடி மேல தேய்ச்சு சமமாக்கிட்டா மிச்சம் காயறப்போ சுருங்கி உள்ள இறங்குது.

செக்: அறைய இருட்டாக்கி போன் டார்ச்ச பாடியோட ஒட்டின மாதிரி படுக்க வச்சு அடிங்க. பள்ளமா இருந்தா ஒரு பக்கம் மட்டும் நிழல் விழும். மேடா இருந்தா எதிர்ப்பக்கம் விழும், அப்போ தேய்ச்சது பத்தலன்னு அர்த்தம், 600, 1000 நம்பர் உப்புத்தாள் தண்ணில நனைச்சு தேய்ச்சா முடிஞ்சுது.

பள்ளம்னா சூப்பர் க்ளூவ பல்குச்சியில தொட்டு கோடு நெடுக விட்டு, ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள தேய்ச்சுடுங்க. மறுநாள் வரைக்கும் விட்டா க்ளூ பிளாஸ்டிக்க விட கெட்டியாயிடும், தேய்ச்சா பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக்தான் கரையும், இப்போ ஒரு பள்ளத்துக்கு பதிலா ரெண்டு பள்ளம். இதுலேர்ந்து தப்பிக்கணும்னா ஒட்டிட்டு குறைஞ்சது ரெண்டு நாள் தொடாதீங்க. நான் ஒரு வாரம் விடறேன், அந்த வாரம் இஞ்சின் வேலை பாக்கறேன்.

தேய்க்கறப்போ ஒரு விஷயம், கோர்சேரோட பாடி ஸ்பாட் வெல்டிங்ல கட்டினது, ரொம்ப வழுவழுன்னு இருக்கும், ஆனா வெளி விங்ல முன் பாதிக்கு அப்புறம் துணி போத்தின பரப்பு, அங்க கிட்டுல லேசான விலா மேடு குடுத்திருப்பாங்க. அத கோளாறுன்னு நினைச்சு தேய்ச்சு எடுத்துடாதீங்க, திரும்ப கொண்டுவர முடியாது.

கேனபி (காக்பிட் கண்ணாடி மூடி) வெள்ளையா மங்கிடுச்சு

சூப்பர் க்ளூ ஆவி. பக்கத்துல எங்கயாவது, காக்பிட் உள்ள ஒரு சீட் பெல்ட் ஒட்டியிருந்தா கூட போதும், மூடின காக்பிட்டுக்குள்ள ஆவி நின்னு கண்ணாடில படியும்.

வெளிப்பக்கம் மங்கலா? அக்ரிலிக் கிளாஸ் கிளியர்ல (பளபளப்பு தர்ற, நிறமில்லாத பூச்சு) முக்கி எடுத்து, ஓரத்த டிஷ்யூல தொட்டு மிச்சத்த உறிஞ்சி, தூசி படாம ஒரு டப்பா போட்டு மூடி ஒரு ராத்திரி வைங்க, பெரும்பாலும் போயிடும். போகலன்னா 2000 நம்பர் தாள்ல தண்ணி போட்டு தேய்ச்சு, பாலிஷ் காம்பவுண்ட் போட்டு, அப்புறம் முக்கணும்.

உள்பக்கமா, அதுவும் ஒட்டிட்டீங்களா? ஃபெவிகால் மாதிரி வெள்ளை பசையில ஒட்டியிருந்தா ஈரப் பஞ்சு வச்சா கழண்டு வரும், இதுக்காகவே கேனபிக்கு எப்பவும் வெள்ளை பசைதான் போடணும். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியிருந்தா கழட்டறப்போ உடையத்தான் வாய்ப்பு அதிகம், தனியா விக்கற வேக்யூம் ஃபார்ம் (மெல்லிசு ஷீட்ட சூடாக்கி உறிஞ்சி அச்சுல எடுத்த) கேனபி வாங்கறதுதான் வழி, அதுக்கு முன்னாடி உங்களது கட்டங்கட்டமா ஃப்ரேம் இருக்கற பழைய பேர்ட்கேஜா, இல்ல F4U-1A-ங்கற பின்னாடி வந்த கோர்சேர் ரகத்தோட உப்பின மூடியான்னு பாத்து ஆர்டர் பண்ணுங்க. விரிசல் விழுந்த கேனபிக்கு வைத்தியம் இல்ல.

க்ளூ கண்ணுல பட்டா அது மாடல் பிரச்சனை இல்ல. வெதுவெதுப்பான தண்ணில கழுவிட்டே உடனே கண் டாக்டர்கிட்ட போங்க, இமைய பிரிக்க பாக்காதீங்க, அசிட்டோன் எல்லாம் கிட்டயே கொண்டு போகாதீங்க.

ஏர்பிரஷ் (காத்தால பெயிண்ட் ஊதற கருவி) துப்புது

துப்புறது எப்போன்னு கவனிங்க.

ஆரம்பிச்சு ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சுதான்னா, ஊசி நுனியில பெயிண்ட் காஞ்சு ஒட்டியிருக்கு. தின்னர் தொட்ட பஞ்சால நுனிய தொடைங்க. அக்ரிலிக்ல இது சகஜம், ரிடார்டர் (பெயிண்ட் காயறத தாமதப்படுத்தற திரவம்) ரெண்டு சொட்டு விடுங்க.

முதல்லேர்ந்தேன்னா பெயிண்ட் கெட்டி. பால் பதம் வரணும், கப் ஓரத்துல ஏத்தி விட்டா வழிஞ்சு இறங்கி ஒரு மெல்லிசு திரை நிக்கணும். லாக்கர்னா பெயிண்ட் ஒரு பங்குக்கு தின்னர் ஒண்ணரை ரெண்டு பங்கு, காத்தழுத்தம் 15 பிஎஸ்ஐ வாக்குல.

கப்புல குமிழி வருதுன்னா நாஸில் சரியா உக்காரல, இல்ல நுனி விரிசல். கழட்டி டார்ச்ல பாருங்க, நுனி விரிஞ்சிருந்தா புது நாஸில்தான், ஒட்ட முடியாது. நாஸில ஸ்பேனர் வச்சு முழு பலத்தோட முறுக்கினதாலதான் அது விரியுது, விரல் முறுக்குக்கு மேல கால் சுத்து போதும்.

தண்ணி துளி விழுதுன்னா கம்ப்ரஸர்ல ஈரம். டேங்க்க வடிச்சு, வாட்டர் ட்ராப்ப காலி பண்ணுங்க. கம்ப்ரஸர் நிக்காம ஓடுது, இல்ல சேஃப்டி வால்வ் காத்து விடுது, இல்ல ஸ்விட்ச்ச தொட்டா ஷாக் அடிக்குதுன்னா உடனே ப்ளக்க புடுங்கிட்டு கம்ப்ரஸர் மெக்கானிக்க கூப்பிடுங்க. காத்து அடைச்ச டேங்க்க வீட்ல கழட்டி பாக்கற வேலை வேண்டவே வேண்டாம்.

பெயிண்ட் காஞ்சதும் வெள்ளை பூத்துது

கடலோர ஊர்ல இருக்கறவங்களுக்கு இது தெரியும். லாக்கர் தின்னர் வேகமா ஆவியாகறப்போ மேல்பரப்பு குளிர்ந்து காத்துல இருக்கற ஈரம் அதுல படியுது. சின்னதா ஒரு ஹ்யூமிடிட்டி மீட்டர் வாங்கி வைங்க, 70 சதவீதம் தாண்டினா நான் கிளியர் கோட் (கலருக்கு மேல அடிக்கற நிறமில்லாத பூச்சு) தொடறதே இல்ல, ஜன்னல சாத்தி ஏசி ஒரு மணி நேரம் ஓட விட்டுட்டுதான் ஆரம்பிப்பேன்.

கலர் பெயிண்ட்ல பூத்திருந்தா, ஈரம் கம்மியா இருக்கற நாள்ல ரிடார்டர் கலந்த தின்னர மட்டும் மெல்லிசா மேல ஊதுங்க, கரைஞ்சு போயிடும். மேட் கோட்ல (பளபளப்பில்லாத கடைசி பூச்சு) பூத்திருந்தா ரெண்டு காரணம், ஈரம் ஒண்ணு, பாட்டில சரியா கலக்காதது இன்னொண்ணு. ரெண்டுக்கும் மேல ஒரு கிளாஸ் கோட் அடிச்சா பெரும்பாலும் மறையும், அப்புறம் நல்லா கலக்கின மேட்ட மெல்லிசா அடிங்க. இத பாத்து பயந்து மொத்த பெயிண்ட்டயும் கழுவினவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு கிளாஸ் கோட் அடிச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மாஸ்கிங் டேப் எடுத்தா பெயிண்ட்டும் கூட வருது

அமெரிக்க மூணு கலர் ஸ்கீம்ல இது அதிகம், ஏன்னா அடியில வெள்ளை, பக்கத்துல இடைநிலை நீலம், மேல கடல் நீலம்னு திரும்ப திரும்ப டேப் ஒட்டணும். மடியற வெளி விங்கோட அடிப்பக்கமும் இடைநிலை நீலம், மடிச்சா மேலேர்ந்து தெரியும்ல, அதனால. அங்க வெள்ளை அடிச்சுட்டு அப்புறம் திருத்தறவங்க இன்னொரு தடவை டேப் ஒட்டறாங்க.

எவ்வளவு ஆழத்துலேர்ந்து வருதுன்னு பாருங்க. பிளாஸ்டிக் தெரியுதுன்னா கழுவல, அச்சுலேர்ந்து பார்ட் கழண்டு வர தடவற எண்ணெய் மிச்சம் இருக்கு, இல்ல உங்க கை எண்ணெய். ப்ரைமர் நின்னு கலர் மட்டும் வருதுன்னா கலர் காயல, அக்ரிலிக்னா ஒரு நாள் பத்தாது. உரிஞ்ச ஓரத்த 1500 தாள்ல சமமா தேய்ச்சு, ப்ரைமர் தொட்டு, அதே கலர மெல்லிசா ஊதுங்க, முழுசா அடிக்க வேண்டாம். அடுத்த கிட்டுக்கு, ஸ்ப்ரூவோடயே பாத்திரம் கழுவற லிக்விட் போட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு கழுவி காய வைங்க. டேப்ப முதல்ல உள்ளங்கையில ரெண்டு தடவை ஒட்டி எடுத்துட்டு மாடல்ல ஒட்டுங்க, பசை வேகம் குறையும். எடுக்கறப்போ மேல தூக்காம, தன் மேலயே மடிச்சு படுக்க இழுங்க.

டீகாலுக்கு அடியில வெள்ளி மாதிரி மினுக்குது

அடியில காத்து மாட்டியிருக்கு. சொரசொரப்பான மேட் பெயிண்ட் மேல ஒட்டினா மேடு பள்ளத்துல காத்து தங்கும். ஊசி நுனியால அங்கங்க குத்தி, டீகால் சாஃப்டனர (டீகால மென்மையாக்கற திரவம்) பிரஷ்ல வச்சு விடுங்க, சுருங்கும், பயப்படாதீங்க, தொடவும் தொடாதீங்க, காஞ்சா தானா படியும். நாலஞ்சு தடவை பண்ணியும் போகலன்னா அந்த இடத்துக்கு மட்டும் அதே கலர மெல்லிசு பிரஷ்ல ஓரத்துல இழுத்துடலாம். அடுத்த தடவை டீகாலுக்கு முன்னாடி கிளாஸ் கோட்.

தண்ணில போட்டதும் துண்டு துண்டா உடையுதா? பழைய டீகால். மிச்சம் இருக்கறத தண்ணில போடறதுக்கு முன்னாடி ஷீட் மேலயே கிளாஸ் கிளியர் ஊதி காய வச்சு, தேவையில்லாத ஒரு சின்ன எழுத்த வெட்டி சோதிங்க. அது முழுசா வந்தா மத்தத போடுங்க, இல்லன்னா தனி டீகால் ஷீட்.

தனி ஷீட் வாங்கறவங்க, திருகோணமலை ப்ளேன் கட்டறதா இருந்தா நாட்டு அடையாள வட்டத்த ரெண்டு தடவை பாருங்க. தென்கிழக்காசியாவுல பறந்த பிரிட்டிஷ் ப்ளேன்கள்ல சிவப்ப எடுத்துட்டாங்க, ஜப்பான் ப்ளேனோட சிவப்பு வட்டம்னு நினைச்சு நம்ம ஆளே சுட்டுடக்கூடாதுன்னு. 1942 ஏப்ரல்ல கொழும்புலயும் திருகோணமலையிலயும் குண்டு போட வந்த ப்ளேன்கள்ல இருந்தது அந்த சிவப்பு வட்டம்தான். ஐரோப்பாவுல பறந்த கோர்சேரோட சிவப்பு நடு வட்டத்த இதுக்கு ஒட்டினா, மத்த எல்லாம் சரியா இருந்தும் ப்ளேன் தப்பு.

நிக்க வச்சா சாயுது

டயர் நாலு இல்ல, முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணுதான், அதனால எங்க தப்புன்னு கண்டுபிடிக்கறது சுலபம். விங்கோட அளவு முதல் பிரிவுல சொன்னபடி சரியா இருந்து இப்போ சாயுதுன்னா கால்தான். கால் குழிக்குள்ள பெயிண்ட் தேங்கி ஒரு கால் முழுசா இறங்கியிருக்காது, சுரண்டிட்டு திரும்ப சொருகுங்க. இறங்கியிருந்தும் சாஞ்சா உயரமா இருக்கற பக்கத்து டயரோட அடிப்பக்கத்த உப்புத்தாள்ல ரெண்டு இழுப்பு இழுத்து தட்டையாக்குங்க, பாரத்துல அமுங்கின டயர் மாதிரியும் இருக்கும், லெவலும் வந்துடும். கால் உடைஞ்சிருந்தா ரெண்டு முனையிலயும் பின் வைஸால (கையால திருகற குட்டி ட்ரில்) 0.5 மில்லி துளை போட்டு பித்தளை கம்பி சொருகி சூப்பர் க்ளூ விடுங்க. ரெண்டாவது தடவையும் அதே இடத்துல உடைஞ்சாதான் தனியா விக்கற மெட்டல் கால் வாங்கணும்.